மோட்டார் ஓடிவிட்டது, சரி. டெஸ்ட் எப்போது?

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் வகுப்பில் ஒரு கன்ட்ரோல் சர்க்யூட் எப்போது முடிந்ததாகக் கணக்கு? பச்சைப் பொத்தானை அழுத்தினால் ரிலே 'டக்'கென்று இழுக்க வேண்டும், மோட்டார் சுற்ற வேண்டும், சிவப்பை அழுத்தினால் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் சார் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒயரைக் கழற்றிவிட்டு போர்டை அடுத்த பேட்சுக்குக் கொடுத்துவிடலாம். இந்தப் பழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஒரு ரிலே சர்க்யூட் சரியாக இருக்கிறது என்று சொல்ல எத்தனையோ சான்றுகள் இருக்க, 'ஓடியது' என்பது அவற்றிலேயே சொத்தையான சான்று என்பது என் கட்சி. ரிலேக்களையும் அவற்றின் கான்டாக்ட்களையும் அத்தனை சிக்கலாகக் கோப்பதே பெரும்பாலும் ஏதோ ஒன்று நடக்காமல் தடுக்கத்தான். இரண்டு கான்டாக்டர் ஒரே நேரத்தில் இழுக்கக் கூடாது, கரன்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது, மோட்டார் சூடேறினால் தொடர்ந்து ஓடக் கூடாது. இப்படி 'கூடாது'களால் கட்டிய ஒன்றுக்கு, நடந்ததை மட்டும் பார்த்து மார்க் போடுகிறோம். கன்ட்ரோல் வயரிங் செய்முறையில் பாதி மார்க்காவது டெஸ்டிங்குக்குப் போக வேண்டும். அதிலும் பெரும்பகுதி, சப்ளை கொடுப்பதற்கு முன்னால் செய்கிற டெஸ்டிங்குக்கு.

எல்லோருக்கும் தெரிந்த பயிற்சியையே எடுத்துக்கொள்வோம்: ஃபார்வர்ட்-ரிவர்ஸ். 24 வோல்ட் டி.சி.யில் இரண்டு ரிலே. அவை 230 வோல்ட் காயில் உள்ள இரண்டு கான்டாக்டர்களை இழுக்கின்றன. கான்டாக்டர்கள் மூன்று ஃபேஸ் மோட்டாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்ற வைக்கின்றன. கன்ட்ரோல் பக்கத்தில் கைவைக்கக்கூடிய இடங்கள் நான்கு: ஸ்டாப், ஃபார்வர்ட், ரிவர்ஸ், ஓவர்லோட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை, ஆக மொத்தம் 16 சேர்க்கை. மேலே சொன்ன மாதிரி ஓட்டிக் காட்டும்போது இவற்றில் எத்தனை வந்துபோகின்றன? எதையும் அழுத்தாத நிலை, ஃபார்வர்ட் மட்டும், ஸ்டாப் மட்டும், ரிவர்ஸ் மட்டும். நான்கே நான்கு. ஓவர்லோட் டிரிப் ஆகியிருக்கும்போது ஸ்டார்ட்டை அழுத்தினால் என்ன ஆகும், ஸ்டாப்பும் ஸ்டார்ட்டும் சேர்ந்து அழுந்தினால் யார் ஜெயிப்பது என்பதெல்லாம் மீதி 12-இல் இருக்கிறது. இதுவும் ரிலே ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பதைச் சேர்க்காத கணக்கு. சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். ரிலே சர்க்யூட்டை இப்படிப் பட்டியல் போட்டு அலசலாம் என்பது புதுச் செய்தி இல்லை. 1937-இல் எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், ரிலேக்களின் திறப்பையும் மூடலையும் பூலியன் இயற்கணிதத்தில் எழுதிவிடலாம் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். கம்ப்யூட்டர்காரர்கள் அதைத் தங்கள் சொத்தாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் தலைப்பிலேயே ரிலே இருந்த ஆய்வேடு அது. பேனல் கட்டுகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்படி ஓட்டிக் காட்டுவதில் சிக்காத தவறுகளில் இரண்டைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முதலாவது இன்டர்லாக். ஃபார்வர்ட் காயிலுக்குப் போகும் வழியில் ரிவர்ஸ் பக்கத்தின் என்.சி. (இயல்பாக மூடியிருக்கும்) கான்டாக்ட் இருக்க வேண்டும், அதேபோல் எதிர்ப்பக்கமும். ஒரு மாணவர் அந்த என்.சி.யைத் தாண்டி நேராக ஒயரைக் கொண்டுபோய்க் காயிலின் ஏ1 முனையில் முறுக்கிவிட்டார் என்று வையுங்கள். ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி ஓட்டிக் காட்டும்வரை சர்க்யூட் அப்பழுக்கில்லாமல் ஓடும். இன்னொருவர் இன்டர்லாக் போட்டிருக்கிறார், ஆனால் கான்டாக்டரின் 21-22 என்.சி.யிலிருந்து எடுக்காமல், கைக்கு வாகாக இருந்த ரிலேயின் என்.சி.யிலிருந்து எடுத்திருக்கிறார். இது முன்னதைவிட நயமான தவறு. ஃபார்வர்ட் கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டு விட்டால் ரிலே விழுந்துவிடும், கான்டாக்டர் விழாது. இன்டர்லாக்கோ ரிலேயைப் பார்த்து 'எல்லாம் சரி, வழிவிடு' என்று சொல்லும். ரிவர்ஸ் இழுத்த நொடியில் 415 வோல்ட்டில் ஃபேஸுக்கு ஃபேஸ் ஷார்ட். லேபில் கான்டாக்டர் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆகவே எத்தனை தடவை ஓட்டிக் காட்டினாலும் இந்தத் தவறு வெளியே தலைகாட்டாது.

இரண்டாவது, ஸ்டாப் பொத்தான் உட்கார்ந்திருக்கும் இடம். 24 வோல்ட் சப்ளையின் 0 வோல்ட் பக்கத்தை எர்த்தோடு சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்த்த சர்க்யூட்டில் காயிலின் ஒரு முனை நேராக 0 வோல்ட்டுக்குப் போக வேண்டும், ஸ்விட்ச்களும் கான்டாக்ட்களும் பிளஸ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மெஷின்களின் மின் அமைப்புக்கான 60204-1 தரநிலை வற்புறுத்தும் ஏற்பாடு. மாணவர் ஸ்டாப்பைக் காயிலுக்குக் கீழே, 0 வோல்ட் பக்கத்தில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அழுத்தினால் நிற்கும், சார் கையெழுத்தும் கிடைக்கும். சில வருஷம் கழித்து, காயிலுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவிலுள்ள ஒயர் பேனல் கதவின் விளிம்பில் உரசித் தோல் உரிந்து பாடியைத் தொடும்போதுதான் விவகாரம். காயிலின் கீழ்முனைக்கு எர்த் வழியாகவே 0 வோல்ட் கிடைத்துவிடும், ஸ்டாப்பை எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் நிற்காது. அதே ஸ்டாப் பிளஸ் பக்கத்தில் இருந்திருந்தால், உரிந்த ஒயர் எர்த்தைத் தொட்டதும் ஃபியூஸ் போய் மெஷின் நின்றிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு சர்க்யூட்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒயர் ஒயராகப் பின்தொடர்ந்தால் மட்டுமே தெரியும்.

சரி, சப்ளை இல்லாமல் எப்படி டெஸ்ட் செய்வது? இதற்கு ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். முதலில் எண்ணிக்கை: வரைபடத்தில் ஒரு டெர்மினலுக்கு இரண்டு ஒயர் என்றால் போர்டிலும் இரண்டுதான் இருக்க வேண்டும். மூன்று இருந்தால் தேவையில்லாத ஒன்று எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஒன்றுதான் இருந்தால் இன்னொன்று வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து ஓம்ஸ். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 14 பின் கன்ட்ரோல் ரிலேயில் 24 வோல்ட் காயிலின் தடை சுமார் 650 ஓம் இருக்கும். பவர் சப்ளையின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைக் கன்ட்ரோல் ஃபியூஸுக்கு அடுத்தும் மற்றதை 0 வோல்ட்டிலும் வையுங்கள். எதையும் அழுத்தாதபோது 'ஓ.எல்.', அதாவது வழி திறந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். ஃபார்வர்டை அழுத்தினால் 650-ஐ ஒட்டி வர வேண்டும். அழுத்தியபடியே ஸ்டாப்பையும் அழுத்தினால் மறுபடி ஓ.எல்., ஓவர்லோடை டிரிப் செய்தாலும் அப்படியே. இப்போது பொத்தானை விட்டுவிட்டு ஃபார்வர்ட் ரிலேயின் டெஸ்ட் லீவரைக் கையால் தள்ளினால் 650 திரும்பி வர வேண்டும். ஹோல்டிங் கான்டாக்ட் சரியான இடத்தில் இருப்பதற்கு அதுவே அத்தாட்சி. கடைசியாக ஃபார்வர்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் கான்டாக்டரைக் கையால் அழுத்துங்கள். ஓ.எல். வந்தால் இன்டர்லாக் இருக்கிறது. 650 அசையாமல் நின்றால் இன்டர்லாக் இல்லை, அல்லது தப்பான இடத்திலிருந்து எடுத்திருக்கிறது. சற்று முன் சொன்ன இரண்டு இன்டர்லாக் தவறுகளும் ஒரு வோல்ட்கூடக் கொடுக்காமல் இங்கே மாட்டிக்கொள்கின்றன. இரண்டு ஸ்டார்ட் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் 325 வருகிறதா? பயப்பட வேண்டாம், இரண்டு காயிலும் பேரலலில் இருப்பதைத்தான் மீட்டர் சொல்கிறது. கான்டாக்டர் அசைந்த பிறகுதான் அதன் என்.சி. திறக்கும் என்பதை இவ்வளவு அழகாகக் காட்டும் அளவு வேறு இல்லை. பொத்தான்களிலேயே இன்டர்லாக் ஏன் போடுகிறார்கள், கான்டாக்டர்களுக்கு நடுவே மெக்கானிக்கல் இன்டர்லாக் ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு அந்த 325-ஐக் காட்டியே பாடம் நடத்தலாம்.

இதில் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் எலக்ட்ரீஷியன் பையில் எது இல்லாவிட்டாலும் டெஸ்டர் இருக்கும். அந்த டெஸ்டரின் நியான் விளக்கு எரியவே அறுபது எழுபது வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 24 வோல்ட் டி.சி.யில் அது எரியாது. எரியவில்லை என்பதால் சப்ளை இல்லை என்று முடிவுகட்டினால், பிழை தேடும் வேலை முதல் அடியிலேயே தடம்மாறிவிடும். மல்டிமீட்டரின் 'பீப்' சத்தமும் இப்படித்தான் ஏமாற்றும். சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தால்தான் அது கத்தும். 650 ஓம் காயிலில் வைத்தால் வாய் திறக்காது, உடனே 'காயில் போயிடுச்சு சார்'. காதை நம்பாமல் திரையில் உள்ள எண்ணைப் படிக்கப் பழக்க வேண்டும். எதிர்த்திசையில் ஏமாற்றுவதும் உண்டு: துருப்பிடித்துத் தடை கூடிப்போன இணைப்பில்கூட மீட்டர் முழு 24 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் 24 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்று மீட்டரைவிட யோக்கியமாகப் பேசும். எந்தக் கருவி எதைப் பார்க்காது என்பதைக் கேட்கும் கேள்வி செய்முறைத் தேர்வில் ஒன்றாவது வர வேண்டாமா?

இதெல்லாம் ஒரு மாணவரின் போர்டுக்கு அதிகப்படி என்று நினைப்பவர்களுக்கு, உலகில் மிகக் கண்டிப்பாக ரிலே வயரிங் செய்யும் இடமான ரயில்வே சிக்னலிலிருந்து ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1988 டிசம்பர் 12, திங்கள் காலை. தெற்கு லண்டனில் கிளாப்பம் ஜங்ஷன் அருகே நின்றிருந்த ஒரு ரயிலின் பின்னால், பூல் நகரிலிருந்து வந்த ரயில் மோதியது. 35 பேர் இறந்தார்கள். முன்னால் ரயில் நிற்கும்போது பூல் ரயிலுக்கான சிக்னல் சிவப்பாக இருந்திருக்க வேண்டும், இல்லை. தண்டவாளத்தில் குறைந்த வோல்ட்டில் கரன்ட் ஓடவிட்டு ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருப்பார்கள். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்யும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும் ரிலே விழும், சிவப்புதான். 1872-இல் வில்லியம் ராபின்சன் கண்ட இந்த ஏற்பாடு, கெட்டாலும் நல்ல பக்கமாகக் கெடும். அதைத் தோற்கடிக்க ஒரு வழி, இருக்கக் கூடாத இடத்திலிருந்து ரிலேக்கு கரன்ட் வருவது. கிளாப்பமில் அதுதான் நடந்தது. புது வயரிங் போட்டபோது பழைய ஒயரின் ஒரு முனையை ரிலேயிலிருந்து கழற்றினார்கள். ஆனால் நுனியை வெட்டிக் கட்டிவைக்காமல் வளைத்து ஒதுக்கி விட்டார்கள். மறுமுனை ஃபியூஸிலேயே இருந்தது. இரண்டு வாரம் எல்லாம் சரியாக ஓடியது. விபத்துக்கு முந்தைய நாள் பக்கத்து ரிலேயில் வேலை செய்தபோது அந்த ஒயர் அசைந்து, பழைய டெர்மினலை மறுபடி தொட்டுவிட்டது.

சர் ஆண்டனி ஹிட்டன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1989-இல் வந்தது. நம் விஷயத்துக்கு அதில் இரண்டு செய்திகள் முக்கியம். புது வயரிங்குக்குப் பிறகு சர்க்யூட் சொன்னபடி வேலை செய்தது. செய்யாமல் விட்டது டெர்மினல் வாரியாக ஒயரை எண்ணுவதுதான். வயரிங் செய்தவர் அல்லாத இன்னொருவர் அங்கே வந்து ஒவ்வொரு டெர்மினலிலும் எத்தனை ஒயர் என்று எண்ணி வரைபடத்தோடு ஒத்துப் பார்த்திருந்தால், கூடுதலாக ஒன்று தொங்குவது கண்ணில் பட்டிருக்கும். இன்னொன்று, அந்த வயரிங்கைச் செய்த டெக்னீஷியன் சோம்பேறியோ கத்துக்குட்டியோ இல்லை. பல ஆண்டு அனுபவமுள்ளவர், நல்ல வேலைக்காரர் என்று பெயரெடுத்தவர். அதற்கு முந்தைய 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார். பழைய ஒயரின் நுனியை வெட்டாமல் வளைத்துவிடுவது அவருடைய நெடுநாள் கைப்பழக்கம். அத்தனை காலத்தில் அது தப்பு என்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. 'ஃபீல்டுக்குப் போனால் அனுபவத்தில் தானாக வந்துவிடும்' என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்த அறிக்கையில்தான் இருக்கிறது. அனுபவம், கை ஏற்கெனவே செய்வதைத்தான் உறுதிப்படுத்துகிறது. நல்ல பழக்கத்தை முதல் வருஷத்திலேயே போட்டுவிடாவிட்டால் அது கெட்டதைத்தான் கெட்டிப்படுத்தும்.

அடுத்த ஆட்சேபம் வழக்கமாக இப்படி வரும்: இப்போது எங்கே சார் ரிலே, எல்லாம் பி.எல்.சி. ஆகிவிட்டதே. வந்துவிட்டது உண்மைதான். 1960-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைகளில் ரிலே அலமாரிகளை மாற்றத்தான் மோடிகான் 084 உருவானது. எலக்ட்ரீஷியன்கள் மிரளக் கூடாது என்பதற்காக, ரிலே வரைபடத்தின் ஏணி வடிவத்தையே புரோகிராமுக்கும் வைத்தார்கள். பி.எல்.சி. வந்ததால் லாஜிக் ஒயரிலிருந்து புரோகிராமுக்குப் போனது. ஆனால் சென்சாரிலிருந்து உள்ளே வருவதும் கான்டாக்டருக்கு வெளியே போவதும் இன்றும் 24 வோல்ட் ஒயர்தான், நடுவில் பெரும்பாலும் ஒரு ரிலேயும் உண்டு. அந்த ஒயர் தப்பான டெர்மினலில் இருந்தால், பி.எல்.சி. தனக்குச் சொல்லப்பட்ட பொய்யை ஒரு பிசகும் இல்லாமல் நிறைவேற்றும். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்கான சிக்னலைப் பெற்று, லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் போய் மோதியது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே இருந்தது எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங். முன்பு செய்த சிக்னல் சர்க்யூட் மாற்றத்திலும், லெவல் கிராஸிங் கேட்டின் தடுப்பு மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று அந்த ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 35 வருஷ இடைவெளி, வேறு நாடு, வேறு தலைமுறைத் தொழில்நுட்பம்; தவறு மட்டும் அதே வகை. மாற்றி வயரிங் செய்த ஒரு சர்க்யூட், வரைபடத்தோடு முழுசாக ஒத்துப் பார்க்கப்படவில்லை.

24 வோல்ட்தானே, யாரைக் கொல்லப் போகிறது, போட்டுப் பார்த்துவிட்டால் போச்சு என்பது இன்னொரு வாதம். 24 வோல்ட் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வாஸ்தவம். ஆனால் பிரஸ் மெஷினை இறக்குவதும் லிஃப்ட் கதவுக்கு அனுமதி கொடுப்பதும் அந்த 24 வோல்ட்தான். எவ்வளவு வோல்ட் என்பதைவிட அது எதற்கு உத்தரவு போடுகிறது என்பதுதான் ஆபத்தின் அளவு. சொல்லப்போனால் ஷாக் அடிக்காது என்ற அந்தத் தைரியமே டெஸ்டிங்கைத் தவிர்க்கச் சொல்லும் சாத்தான்.

நேரம் இல்லை என்பதை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பேட்சில் இருபது பேர், நாலைந்து போர்டு, ஒரே இன்ஸ்ட்ரக்டர் என்றால் ஒவ்வொருவரும் வயரிங் முடிப்பதே பெரும்பாடு. இதற்கு ரயில்வேகாரர்களின் விதியே வழி சொல்கிறது: கட்டியவர் டெஸ்ட் செய்யக் கூடாது. ஒரு போர்டுக்கு இரண்டு பேர். ஒருவர் வயரிங் செய்யட்டும், மற்றவர் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணி, அளந்து, எழுதித் தரட்டும். அடுத்த போர்டில் இடம் மாறட்டும். ஒரே போர்டில் இரண்டு பாடம் முடிகிறது. தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதும் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். இன்ஸ்ட்ரக்டருக்கும் வேலை குறையும், எரிந்துபோகிற ஃபியூஸும் குறையும். முதல் இரண்டு மூன்று பயிற்சியில் மட்டும் சட்டத்தைத் தளர்த்தலாம் என்பேன். பத்தாவது முடித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, தான் முறுக்கிய ஸ்க்ரூவால் ஒரு ரிலே இழுப்பதைப் பார்க்கும் சந்தோஷம் வேண்டும். அது இல்லாமல் இந்தத் தொழிலில் யாருக்கும் ஆர்வம் பிறக்காது. அதன் பிறகு கறாராக இருக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கும் இதே மாதிரி எளிய ஏற்பாடு உண்டு. தேர்வாளர் முன்கூட்டியே வயரிங் செய்த ஒரு போர்டைக் கொடுக்கட்டும். அது ஓடும், நின்றும் காட்டும், உள்ளே மட்டும் ஒரு குறை இருக்கும்: ஸ்டாப் 0 வோல்ட் பக்கத்தில், அல்லது இன்டர்லாக் ரிலேயிலிருந்து, அல்லது எங்கும் போகாத ஒரு ஒயர் டெர்மினலுக்குப் பின்னால். வரைபடமும் மீட்டரும் கையில் கொடுத்து, மெயின் ஆஃப் ஆன நிலையிலேயே குறையைக் கண்டுபிடித்து எந்த டெர்மினல், எத்தனை ஓம் என்று எழுதச் சொல்லலாம். புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை, புது லேப் கட்ட வேண்டியதில்லை. தேர்வாளர் கொஞ்சம் முன்னதாக வர வேண்டும், அவ்வளவுதான்.